இரண்டாவது பிளான்

கொரட்டூரில் கிறிஸ்துராஜின் வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் அருள்மொழி வந்திருந்தாள். அம்பத்தூர் எஸ்டேட் வேலையிலிருந்து அவர் ரிட்டயர் ஆனதும் கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடும் முடிந்துபோயிருந்தது. ஆதார் அட்டையைத் தேடி எடுக்க அவர் மாடிக்குப் போனார். அப்போது சமையலறை வாசலில் ஓர் அம்மாள் வந்து நின்றாள்.

“ரெண்டு பிளான்ல எது நல்லதும்மா?”

“முதல் பிளான்ல பிரீமியம் கம்மி, ஆன்ட்டி. ஆனா ஆஸ்பத்திரியில படுத்தாதான் பணம் வரும். ரெண்டாவதுல மாசாமாசம் வாங்குற மாத்திரைக்கும் கிடைக்கும்.”

“ஏற்கெனவே கீற வியாதிக்கு?”

“முதல் பிளான்ல மூணு வருஷம் காத்திருக்கணும். ரெண்டாவதுல உடனே உண்டு.”

“அப்போ ரெண்டாவதையே போடு. அவரு காசு கம்மியா கீறததான் கேப்பாரு. உட்ராத.”

சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். கிறிஸ்துராஜ் இறங்கி வந்தார்.

“கம்மியா கீற பிளானே போதும்மா.”

“ஆன்ட்டி ரெண்டாவதுதான் வேணும்னு சொல்லிட்டாங்க, சார்.”

அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நீலப் பொடவையா கட்டிகினு இருந்தா?”

“ஆமா சார்.”

“அதைக் கட்டித்தாம்மா அவள அடக்கம் பண்ணோம்.”

அருள்மொழி சமையலறையை எட்டிப் பார்த்தாள். வேறு வாசல் இல்லாத அந்தச் சின்ன அறையில் யாருமே இல்லை.

“ரெண்டாவதையே போடும்மா,” என்றார் அவர். “போன வாரம் கேஸ் சிலிண்டர் போட வந்தவன்கிட்ட பேசிகினு இருந்தாளாம். இன்னிக்கு உன்கிட்ட. எங்கிட்ட மட்டும் பேசவே மாட்டேன்றா.”