ஒரு பிளேட், ரெண்டு கதிரை

"மீன் பொரியிற சத்தம் மேசையடிக்குக் கேக்குமோ, பிள்ளை?"

கௌசிகாவுக்கு ஒரு கணம் கேள்வியே விளங்கவில்லை. இங்கிலாந்தில் விட்பி என்ற கடற்கரை ஊரில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மீன்கடையைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ருசி எப்படி என்று கேட்பார்கள். சத்தத்தைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை.

"கேக்கும் அங்கிள். சின்னக் கடை. பொரிச்சு எடுத்து நேரா மேசைக்குக் கொண்டருவினம்."

"அப்ப ஆவி பறக்கும்." சிவபாதசுந்தரம் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

கௌசிகா இங்கிலாந்தில் ஒன்பது வருடம் உணவகக் குசினிகளைப் பரிசோதிக்கும் வேலை பார்த்தவள். சிட்னிக்கு வந்து நார்த்மீட்டில் குடியேறி மூன்று மாதம்தான் ஆகிறது. இங்கிலாந்தின் கிராமங்களிலும் கடலோரத்திலும் எங்கே நம்பிச் சாப்பிடலாம் என்று அவளுக்குத் தெரியும் என யாரோ சொல்லியிருக்கிறார்கள். அடுத்த தெருக்காரரான இந்த மனுஷன் சனிக்கிழமை காலையிலேயே கொப்பியும் பேனையுமாக வந்துவிட்டார். அடுத்த மாதம் மனைவி தவநாயகியோடு லண்டன் போய், அங்கிருந்து கார் எடுத்து இரண்டு வாரம் சுற்றப் போகிறாராம். தேத்தண்ணி வேண்டாம், இப்போதுதான் முடித்துவிட்டு வந்தேன் என்றார். குரல் கரகரத்தது. சளி, தடிமனாக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"பிறகு குரோமர் எண்டு ஒரு இடம். அங்க நண்டுதான். சதையை எல்லாம் எடுத்து ஓட்டுக்குள்ளயே நிரப்பித் தருவினம். நீங்கள் உடைக்கத் தேவையே இல்லை."

"அய்யோ, அது சரிவராது. தவத்துக்கு நண்டுக்காலைக் கடிச்சு உறிஞ்சேக்கதான் முகம் மலரும். முழு நண்டு தரமாட்டினமோ?"

"கேட்டா அவிச்சுத் தருவினம்."

"அப்ப முழு நண்டு." அடிக்கோடு இட்டார்.

டெவன் பக்கத்தில் ஸ்கோன் என்ற சின்ன ரொட்டிக்கு மேலே கிறீமும் ஜாமும் வைத்துத் தருவார்கள் என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தவம் மானிப்பாயில இங்கிலீஷ் படிப்பிச்சவ. பாடப் புத்தகத்தில ஸ்கோன் எண்டு ஒரு சொல் வரும். அது என்ன ரீச்சர் எண்டு பிள்ளையள் கேட்டா, ஒரு வகைப் பணிஸ் எண்டு சொல்லித் தப்பிடுவா." அவருக்குச் சிரிப்பு வந்தது. "அவ அதைக் கடிக்கேக்க நான் பாக்கவேணும். கதிரையள் எதிரெதிராத்தானே போட்டிருப்பினம்? பக்கத்தில பக்கத்தில எண்டா முகம் தெரியாது."

"எதிரெதிராத்தான் அங்கிள்."

"ரெண்டு கதிரையில இருந்துகொண்டு ஒரு பிளேட் மட்டும் ஓடர் பண்ணினா ஏதும் பேசுவினமோ?"

மனுஷன் காசை இறுக்கிப் பிடிக்கிற கசவாரமோ என்று கௌசிகாவுக்கு ஒரு எண்ணம் வந்தது. இவ்வளவு தூரம் பறந்து போய் ஒரு பிளேட்டா?

"ஒண்டும் சொல்லமாட்டினம். ஆனா ஒவ்வொண்டும் வேற வேறயா ரெண்டு எடுத்தா நல்லாயிருக்குமே."

"வேண்டாம். ஒண்டு போதும். மற்றது, தங்கிற இடத்தில குசினி இருக்கக் கூடாது. இன்னொரு சின்ன அறையும் கூடாது. ஒரே அறையா இருக்கவேணும்."

குசினி வேண்டும் என்று கேட்பவர்களைத்தான் கௌசிகாவுக்குத் தெரியும். ஒரு பிளேட். எதிரே ஒரு கதிரை. வாய்க்கு வாய் மனைவியின் முகத்தைப் பற்றிய பேச்சு. சட்டென்று அவளுக்கு ஒரு சந்தேகம் தட்டியது.

"அங்கிள்... அன்ரி இப்ப... இருக்கிறாவோ?"

அவர் அவளை உற்றுப் பார்த்தார். விளங்கியதும் தோள் குலுங்கச் சிரித்தார்.

"சீச்சீ! ஆள் உயிரோடதான் இருக்கிறா. இப்ப பரமட்டாவில மரக்கறிக் கடையில வெண்டிக்காய் முறிச்சுப் பாத்துக்கொண்டு நிப்பா."

கௌசிகாவுக்கு மூச்சு வந்தது. கூடவே பொறுமையும் போனது.

"அப்ப ஏன் அங்கிள் ஒரு பிளேட்?"

அவர் கொப்பியை மூடி மடியில் வைத்தார்.

"பதினாலு மாசமா அவ என்ர கண்ணுக்கு முன்னால ஒரு வாய் சாப்பிடேல்லை, பிள்ளை. லோன்றிக்குள்ள போய்க் கதவைச் சாத்திப்போட்டு, வோஷிங் மெஷினுக்குப் பக்கத்தில நிண்டபடி பாண் துண்டைச் சம்பலோட விழுங்கிப்போட்டு வாறா. நல்லதா ஒண்டும் சமைக்கிறதும் இல்லை. வாசம் வந்திடுமாம். அரைவாசி ஆளாப் போனா."

"உங்களோட கோவமோ?"

"கோவமெண்டா காலில விழுந்தாவது சமாளிச்சிருப்பன். வீட்டில எண்டா ஒளிக்க இடமிருக்கு. ரெண்டு கிழமை காரில திரிஞ்சா எங்க போய் ஒளிப்பா? பசிச்சா எனக்கு முன்னால இருந்து சாப்பிடத்தானே வேணும்."

"உங்களுக்கு முன்னால சாப்பிட அவவுக்கு என்ன பயம்?"

சிவபாதசுந்தரம் சேட்டின் கீழ்ப் பொத்தான்கள் இரண்டைக் கழற்றினார். வயிற்றிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வெளியே வந்து, பிளாஸ்டரில் ஒட்டிக் கிடந்தது.

"தொண்டைக்கு றேடியேஷன் குடுத்த பிறகு எனக்கு வாயால ஒண்டும் இறங்காது, இதுக்குள்ளால விடுற பால்மாதான் சாப்பாடு," என்றார். "தான் சாப்பிடுறதைப் பாத்தா நான் ஏங்கிப் போவனாம், ஆனா அவ வயிறாரச் சாப்பிடுறதைப் பாக்கத்தான் நான் ஏங்கிக்கொண்டிருக்கிறன் எண்டு எத்தினை தரம் சொன்னாலும் நம்புறா இல்லை, பிள்ளை."