அம்மா மலையின் பிடி

கடலோரத்தில் ஓர் அம்மா மலையும் குட்டி மலையும் ஒட்டி நின்றன. குட்டி வருஷத்துக்கு ஒரு நகத்தளவு கடல் பக்கம் நழுவப் பார்க்கும்.

"எங்கேடா போறே? தண்ணி!" என்று அம்மா இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நூறு வருஷமாக அதே பிடி.

வரைபடம் போட வந்தவரின் சுத்தியல் இருவருக்கும் நடுவே தட்டிப் பார்த்தது. "ரொம்ப விறைப்பா இருக்கீங்களேம்மா. இங்கே ஆபத்துன்னு சிவப்புக் கோடுதான் போடுவாங்க" என்றது சுத்தியல்.

"போடட்டும். என் பிள்ளை நகரலை, பார்த்தியா?"

அன்று சாயங்காலமே அம்மாவின் கை வழுக்கியது. நூறு வருஷத்து நழுவலும் ஒரே குலுக்கலில் நடந்தது. பாறைகள் உருண்டன, பறவைகள் அலறின. குட்டியின் கால் கடலுக்குள் இறங்கிவிட்டது.

"மாதாவே! அடிபட்டுச்சாடா?"

"இல்லம்மா. தண்ணி சில்லுன்னு இருக்கு."

மறு வருஷம் குட்டி மறுபடி நெளிந்தது.

"ஒரு நகத்தளவுதான், சொல்லிட்டேன்!" என்று அம்மா விரல்களைத் தளர்த்தியது. கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டது.