விருந்துக்கு வந்தவை

“ரெண்டும் நல்லாக் கொழுத்திருக்கு சார். எந்த வீட்டு விருந்துக்கு?” பெட்ரோல் போட்டவன் பின் இருக்கையை எட்டிப் பார்த்துக் கேட்டான்.

“மச்சான் வீட்டுக்கு” என்றார் அபெலார்தோ. பொய் இவ்வளவு எளிதாக வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெள்ளரித் துண்டு ஊட்டிக்கொண்டிருந்த மகள் நொயெமியின் கை நின்றது. கார் கிளம்பியதும் கேட்டாள். “கனேலாவையும் கோப்பித்தோவையும் எதுக்குப்பா அப்படிச் சொன்னீங்க?”

“சும்மாதாம்மா. வளக்குறோம்னு சொன்னா சிரிப்பாங்க.”

அவர்கள் குடியிருக்கும் தலைநகர் லீமாவில் கினிப்பன்றி வளர்ப்பவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அங்கே அவற்றுக்கு மருத்துவர்கூட உண்டு. ஆனால் கார் மலையேற ஏற, அவை செல்லப் பிராணி என்ற தகுதியை இழந்து, ‘கூய்’ என்ற மலைப் பெயரில் உணவு என்ற தகுதியைப் பெற்றுவிடும். மலையில் பிறந்த அபெலார்தோவுக்கு இது நன்றாகவே தெரியும்.

மச்சானின் புது வீட்டுக்குக் கூரை போடும் விழா. மனைவிக்கு மருத்துவமனையில் விடுப்புக் கிடைக்கவில்லை. பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அவை இரண்டும் பயணத்தில் சேர்ந்துகொண்டன.

புட்டித் தண்ணீர் குலுங்கிச் சிந்தும் என்பதால் வெள்ளரி. வெயில் படாமலிருக்க ரோஜா நிறத் துண்டு. கணவாயில் மூச்சு முட்டி வாந்தியெடுத்தது நொயெமிதான். கூண்டிலிருந்தவை பிறந்த வீட்டுக்கு வந்தாற்போல் நிம்மதியாக மென்றுகொண்டிருந்தன.

மச்சான் பௌஸ்தினோ இரு கைகளையும் விரித்து வரவேற்றார். முற்றம் நிறைய உறவினர்கள்.

“வா மாப்ள! என்ன இப்படி மூச்சு வாங்குற? முழு லீமாக்காரனாவே ஆயிட்டியா? உனக்குச் சேதி தெரியுமா? நம்ம அனிசெத்தோ மவன் அங்க கூயை மடியில வெச்சுக் கொஞ்சுறானாம். பேரு வேற வெச்சிருக்கானாம்!”

முற்றமே குலுங்கிச் சிரித்தது. அபெலார்தோவும் சேர்ந்து சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் பௌஸ்தினோவின் பார்வை நொயெமியின் கையிலிருந்த கூண்டில் விழுந்தது.

“இது என்ன மாப்ள?”

உயிருள்ள கூயுடன் ஒருவர் அங்கே வாசலில் நின்றால் அதற்கு ஒரே பொருள்தான்: அது வீட்டுக்காரருக்குக் கொண்டுவந்த மரியாதை. இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

“உங்களுக்குத்தான் மச்சான்.”

“நெசமாவா?”

“பின்ன, வெறுங்கையோடயா வருவேன்?”

பௌஸ்தினோவின் மனைவி எர்மெலிந்தா கூண்டை வாங்கிக்கொண்டாள். “அடேங்கப்பா, துண்டு போத்திக்கிட்டு வெள்ளரிக்கா தின்னுக்கிட்டு வந்திருக்கு! எனக்கே இந்தக் கவனிப்பு கெடச்சதில்ல.”

நொயெமி அழவில்லை. அப்பாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு அத்தையின் பாவாடையைப் பற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

முற்றத்தில் உறவினர் நடுவே உட்கார வைக்கப்பட்டிருந்த அபெலார்தோ எழுந்தார். அடுப்படியில் தண்ணீர் கொதிக்கும் ஓசை கேட்டது. அது மயிர் களைவதற்கான தண்ணீர் என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

“எங்க கெளம்பிட்ட மாப்ள? பொம்பளைங்க பாத்துக்குவாங்க, உக்காரு.”

உட்கார்ந்துவிட்டார். மகளுக்கு வேறு இரண்டு வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அந்த எண்ணம் தோன்றியதற்காக வெட்கப்பட்டார், ஆனால் எழுந்திருக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் நொயெமி வந்து எதிரே உட்கார்ந்தாள். அவளுடைய கம்பளிச் சட்டையின் கையில் குதிரைமசால் தீவனத்தின் பச்சை இலையொன்று ஒட்டியிருந்தது. அவள் தட்டில் வெறும் உருளைக்கிழங்கு.

அபெலார்தோவின் தட்டில் தலையும் கால்களுமாக முழுசாக ஒன்று. கனேலாவா கோப்பித்தோவா என்று தெரியாதபடி பொன்னிறமாகப் பொரித்திருந்தார்கள். மகளை நிமிர்ந்து பார்க்காமல் அவர் தொடையைப் பிய்த்தார்.

“தலைய விட்டுட்டியே மாப்ள! கொண்டுவந்தவனே மிச்சம் வெச்சா எப்படி?” என்றார் பௌஸ்தினோ.

தலையையும் தின்றார்.

“எப்படி இருக்கு தம்பி?” என்று கேட்டாள் எர்மெலிந்தா.

“பிரமாதம் அக்கா.”

அதற்குமேல் எர்மெலிந்தாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. உள்ளே ஓடிப்போய்க் கூண்டைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தாள். ரோஜா நிறத் துண்டுக்கடியில் இரண்டும் மென்றுகொண்டிருந்தன.

“நொயெமி எல்லாத்தையும் சொல்லிட்டா தம்பி. நீங்க தின்னது எங்க வீட்டுக் கூயி. பேரு வெச்ச புள்ளைங்களப் போயி அறுப்போமா?”

“திருப்பி இப்பக் கேப்பான், அப்பக் கேப்பான்னு பாத்தேன்” என்று பௌஸ்தினோ அவர் முதுகில் ஓங்கித் தட்டினார். “கடைசி வரைக்கும் வாயத் தொறக்கலியே மாப்ள!”

முற்றம் மறுபடியும் குலுங்கியது. அபெலார்தோவுக்கு அப்போதுதான் மூச்சு முழுதாக வந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தபடி, கூண்டை மகள் பக்கம் நகர்த்தினார்.

“பாத்தியாம்மா? ஒண்ணும் ஆகல!”

நொயெமி கூண்டைப் பார்க்கவில்லை. அவர் தட்டிலிருந்த எலும்புகளைப் பார்த்தாள்.

“அதுங்கதான்னு நெனச்சுத்தானேப்பா சாப்ட்டீங்க?”