மென்மணல் பை

"மறுபடியும் அதே பையா? ஏம்ப்பா, நீ என்னதான் நினைச்சுக்கிட்டிருக்கே?"

சல்லடை அறை வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றார் ஆய்வகத் தலைவி. கடலடி மண்ணைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். சேற்றில் ஒரு சிட்டிகை எடுத்து முன்பற்களுக்கு நடுவே வைத்துக் கடிப்பார். நறநறத்தால் வண்டல், வழுக்கினால் களி என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் 'நறநற மேடம்'. கோபம் வந்தாலும் அந்தப் பற்கள் அப்படித்தான் நறநறக்கும் என்பது வேறு விஷயம்.

"மேடம், கொஞ்சம் மெதுவா பேசுங்களேன்" என்றான் சல்லடை இயந்திரத்தின் அருகே நின்றவன்.

"ஏன், மணல் முழிச்சுக்குமா?"

அவன் அசடு வழிந்தான். கண்கள் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சல்லடைகள் 'உஸ்... உஸ்...' என்று ஆடிக்கொண்டிருந்தன. மேலே பெரிய கண், கீழே போகப் போகச் சின்னக் கண். எந்தத் தட்டில் எவ்வளவு மணல் தங்குகிறது என்று நிறுத்துப் பார்த்தால், அந்த இடத்தில் கடலடி எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

மேடத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வராமல் என்ன செய்யும்? கரையிலிருந்து ஆழ்கடல் சரிவுவரை பரந்து கிடக்கும் கண்டத்திட்டில் இந்த முறை கப்பல் அள்ளிவந்தது முழுக்கக் கிளிஞ்சல் கலந்த பருமணல். பை பையாக மூலையில் கிடக்கிறது. கடலடியில் கேபிள் பதிக்கப் போகிறவர்கள் நாளை மறுநாள் அறிக்கை வேண்டும் என்று குதிக்கிறார்கள். இவனோ, போன வருடமே சலித்து, நிறுத்து, அறிக்கையும் போய்ச் சேர்ந்துவிட்ட மென்மணலைத் தினமும் மத்தியானம் எடுத்து ஆட்டிக்கொண்டிருக்கிறான்!

"அரைச்ச மாவையே அரைக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். சலிச்ச மணலையே சலிக்கிற மகராசனை இப்பத்தான் பார்க்கிறேன். இதே மணலை உன் பொண்டாட்டி மாசக்கணக்கா நின்னு சலிச்சா. ஒரு பொட்டு சிந்தினதில்லை. அவ லீவுல போனதும், அவ புருஷனாச்சே, பொறுப்பா இருப்பேன்னு உன்னைக் கிடங்குலேருந்து கூட்டிக்கிட்டு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

"காலையிலயும் சாயங்காலமும் பருமணலைத்தான் சலிக்கிறேன் மேடம். மத்தியானம் மட்டும்..."

"மத்தியானம் மட்டும்?"

"மெஷினைக் கொஞ்சம் சூடேத்தி வைக்கலாம்னு..."

"சூடு எனக்குத்தான் ஏறுது. கண்ணைப் பாரு. ராத்திரியெல்லாம் சினிமா பார்த்துட்டு இங்க வந்து தூங்கி வழியறே. போதாக்குறைக்குப் போன் வேற, மெஷினை ஒட்டியே சாய்ச்சு வெச்சிருக்கே."

"நேரம் பார்க்கத்தான் மேடம்."

"சுவத்துல கடிகாரம் தொங்குது. எனக்கே காது குத்தறியா? நாளையிலேருந்து நீ கிடங்குக்கே போயிடு. இங்க வேற ஆளைப் போட்டுக்கறேன்."

அவன் முகம் பேயறைந்தாற்போல ஆகிவிட்டது. "மேடம், எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. எத்தனை மணி வரைக்கும் உட்காரச் சொன்னாலும் உட்காருறேன். இந்த ரூமை விட்டு மட்டும் அனுப்பிடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவன் கெஞ்சியதில் மேடத்தின் மனசு ஒரு கணம் இளகியது. நல்ல பையன்தான். அவன் மனைவியோ அவருக்குப் பெற்ற மகள் மாதிரி. ஆனாலும் வேலை என்று வந்தால் வேலைதானே?

"தள்ளு அந்தப் பக்கம்" என்று அவனை விலக்கி, இயந்திரத்தை நிறுத்தினார். மென்மணல் இருந்த சல்லடைகளைக் கழற்றி வைத்துவிட்டு, வேறு சல்லடைகளை அடுக்கி, கிளிஞ்சல் மணலைக் கொட்டினார்.

"வேண்டாம் மேடம்! அது மட்டும் இப்ப வேண்டாம்!"

அவர் பொத்தானை அழுத்தினார். தகரக் கூரையில் கல்மழை பெய்ததுபோலக் கடகடவென்று அறையே அதிர்ந்தது.

அடுத்த நொடி, சாய்த்து வைத்திருந்த போனிலிருந்து 'வீல்' என்று ஓர் அழுகை.

"ஐயோ, யாருங்க பருமணலைக் கொட்டினது?" பின்னாலேயே அவன் மனைவியின் குரல். "வயித்துல இருந்தப்போ கேட்ட மணல் சத்தத்துக்குத்தானே இவ தூங்குவா? ராத்திரி பூரா நம்ம ரெண்டு பேரையும் படுத்தி எடுத்துட்டு, இப்பத்தானே கண்ணசந்தா!"

மேடம் சட்டென்று இயந்திரத்தை நிறுத்தினார். அவனை முறைத்தார். முறைப்பு பாதியிலேயே கரைந்துவிட்டது.

"ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கக் கூடாதாப்பா?" என்றார் கிசுகிசுப்பாக.

"போட்டுப் பார்த்தோம் மேடம். கண்டுபிடிச்சிடறா."

மேடம் மென்மணல் சல்லடைகளைத் தம் கையாலேயே மறுபடி ஏற்றிப் பொத்தானை அழுத்தினார். 'உஸ்... உஸ்...' போனில் அழுகை விம்மலாகி, விம்மல் அடங்கியது.

பிறகு நறநற மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு, கிளிஞ்சல் மணல் பையையும் ஒரு கைச்சல்லடையையும் தூக்கிக்கொண்டு, வராந்தாவின் அந்தக் கோடிக்குப் பூனைபோல நடந்து போனார்.