மூன்றாம் பக்கம்

"இதுலயும் எழுதி வெச்சிருக்கான், அக்கா! கொலைகாரன் டாக்டராம். நான் இன்னும் பிணத்தையே பார்க்கலை!"

சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் கோ டூ புத்தகத்தை மேஜைமேல் போட்டான். சவாரி இல்லாத நேரமெல்லாம் துப்பறியும் நாவல் படிப்பவன்.

மா வின் யீ மூன்றாம் பக்கத்தைத் திறந்தாள். முதல் இரண்டு பக்கங்களில் கடையின் முத்திரையும் விதிகளும். கதை தொடங்குவது மூன்றில்தான். அங்கே ஓரத்தில், நீல மசியில், உருண்டை எழுத்தில்: 'டாக்டர்தான் கொன்றது.'

யாங்கோனில் அவளுடையது வாடகைப் புத்தகக் கடை. ஒரு பிரதி நாற்பது வீடு ஏறி இறங்கும். நல்ல கொலை நாவல் நாற்பது பேரின் தூக்கத்தைக் கெடுக்க வேண்டும். இப்போது நாற்பது பேரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். அதுதான் புகார்.

"ஆளைப் பிடிங்க, அக்கா. இல்லேன்னா நாங்கல்லாம் அடுத்த தெருக் கடைக்குப் போயிடுவோம்."

அவள் இரவல் நோட்டைப் புரட்டினாள். கெட்டுப்போன பதினேழு நாவல்களும் முதலில் போய் வந்தது ஒரே வீட்டுக்கு: ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு ஊ பா சோவின் வீடு.

வந்து வாங்கிப் போகிறவர் அவர் மனைவி டோ மியா கின். கணவருக்கு ஒரு கொலை நாவல், தனக்கு ஒரு சுயமுன்னேற்ற நூல். நாவலை மட்டும் இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவது போலத் தூக்குவார். "இதெல்லாம் ஒரு படிப்பா?" என்று தவறாமல் கேட்பார்.

மறுநாள் அவர் வந்தபோது கையில், முகத்தைப் பார்த்தே பிறர் மனத்தை அறியக் கற்றுத்தரும் நூல் ஒன்று இருந்தது.

மா வின் யீ ஒரு நாவலின் மூன்றாம் பக்கத்தைத் திறந்து காட்டினாள். "அத்தை, இது உங்க எழுத்துதானே?"

டோ மியா கின் பார்த்தார். "ஆமா."

"பிடிக்கலேன்னா வீட்டுல மாமாவைத் திட்டுங்க. ஊர்க்காரங்க சந்தோஷத்தை ஏன் கெடுக்கறீங்க? நோட்டுல உங்க பேரை அடிக்கப்போறேன். இனிமே மாமாவுக்கும் புத்தகம் கிடையாது."

"அடி. கேட்டுட்டு அடி." அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். "போன வருஷம் அவருக்கு நெஞ்சுவலி. பதறவே கூடாதுன்னு டாக்டர் சொன்னார். இந்தப் புத்தகங்களை விடுங்கன்னா, 'அதுக்கு இப்பவே செத்துப்போயிடறேன்'ங்கறார். கொலைகாரன் யாருன்னு முன்னாடியே தெரிஞ்சா பதற்றம் ஏது? அதான் நான் கடைசி அத்தியாயத்தைப் பார்த்து எழுதி வெச்சுடறேன்."

"வாயால சொல்லலாமே?"

"சண்டைக்கு வருவார். எவனோ விஷமி எழுதினான்னு நெனைச்சா யாரோட சண்டை போடுவார்?"

"பலிக்குதா?"

"பலிக்காம? கத்தி பாயற இடத்துலகூட கொட்டாவி விடறார். அவர் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிஞ்சுடும்." கையிலிருந்த நூலைத் தட்டிக் காட்டினார்.

மா வின் யீ பேனாவை மூடினாள். மேஜைக்குள்ளிருந்து ஒரு பென்சிலை எடுத்து நீட்டினாள்.

"இனிமே இதுல எழுதுங்க. திரும்பி வந்ததும் நான் அழிச்சுக்கறேன்."

அடுத்த வாரம், டோ மியா கின் பகோடாவுக்குப் போயிருந்த நேரத்தில், ஊ பா சோவே கோ டூவின் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார்.

"பிரமாதமான கதை, பொண்ணே. ஒரு வரி விடாம முடிச்சாச்சு. அடுத்ததைக் குடு."

மா வின் யீ புத்தகத்தை வாங்கி, மூன்றாம் பக்கத்தைத் திறந்து, ரப்பரை வைத்தாள்.

"பொறு, பொறு! அதை நான் இன்னும் படிக்கலை."

"முடிச்சாச்சுன்னு இப்பதானே சொன்னீங்க?"

"அந்தப் பக்கம் தவிர. முதல் தடவை பார்த்தப்பவே அவ எழுத்துன்னு தெரிஞ்சுபோச்சு. முப்பத்தஞ்சு வருஷமா சந்தைக்குச் சீட்டு எழுதிக் குடுக்கற கையாச்சே! அதுலேர்ந்து எனக்கு எல்லாக் கதையும் மூணாம் பக்கத்துலதான் முடியுது." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தைப் படித்தார். "இந்தத் தடவையும் சரியாத்தான் எழுதியிருக்கா."

"அப்போ அந்தக் கொட்டாவி?"

ஊ பா சோ ஒருமுறை வாசலைப் பார்த்துக்கொண்டார்.

"அதுவா? கத்தியை ஓங்கினாலே எனக்குத் திக்குன்னு இருக்கும். உடனே பெரிசா ஒண்ணு விட்டுடுவேன். அதைப் பார்த்தாத்தான் அவளுக்குத் தூக்கமே வருது, பாவம்."