புதுக் கல்லா

"பேரு சொல்லும்மா, கார்டு போட்டுத் தர்றேன்" என்றான் நாகப்பன்.

தேயிலைத் தோட்டத்து வேலாயி கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த முருகன் படத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள். அரிசியும் பருப்பும் சார்டின் டின்னுமாக நிறைந்திருந்த கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

நேராக எதிரே இருந்த ரெங்கசாமியின் மளிகைக் கடைக்குத்தான் போனாள். நாகப்பனுக்கு வயிறு எரிந்தது.

"கும்பிடுறது என் கடை முருகனை, வாங்குறது அவன் கடை அரிசியா!" என்று பல்லைக் கடித்தான்.

சம்பள வாரச் சனிக்கிழமை. தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் ஸ்வெட்டரும் சேலையுமாக மலையூரான ரிங்லெட்டின் கடைத்தெருவை நிறைத்திருந்தார்கள். நாகப்பன் கடைக்குள்ளும் வந்தார்கள், கூடையையும் நிரப்பினார்கள். ஆனால் கல்லா வரைக்கும் வந்ததும் ஒருத்தி குனிந்துகொண்டாள், ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள், எல்லாரும் கூடையை வைத்துவிட்டு நழுவினார்கள்.

இதற்காகவா இவ்வளவு பாடுபட்டான்? கோலாலம்பூரில் ஒரு சூப்பர்மார்க்கெட்டைப் பார்த்துவிட்டு வந்து, கடையையே புரட்டிப் போட்டிருந்தான். சாமானை அவரவரே எடுத்துக்கொள்ள அலமாரி, கைக்கு அடக்கமான கூடை, வாசலோரம் கண்ணாடிக் கல்லா. கடனுக்கு வாங்குகிறவர்கள் காத்து நிற்காமலிருக்கக் குடும்பத் தலைவர் பேரில் வீட்டுக்கு ஒரு கார்டு. அந்தப் பேரைச் சொன்னால் போதும், ஒரு நிமிடத்தில் கிளம்பிவிடலாம்.

முன்பெல்லாம் அவன் மலையடிவாரத்துத் தாப்பாவுக்குச் சரக்கெடுக்க லோரியில் போய்விடுவான். பழைய கல்லாவில் மனைவி இராசம்மாதான் இருப்பாள். புதுக் கடைக்கு அவள் சரிப்பட மாட்டாள் என்று வீட்டோடு நிறுத்திவிட்டான். "ஊர்க்கதை பேசியே நேரத்தைப் போக்குவா" என்பது அவன் கட்சி.

ரெங்கசாமி கடையில் என்ன இருக்கிறது? ஒரே ஒரு மங்கல் பல்பு, கருவாட்டு நாற்றம், அரிசி மூட்டை மேல் தூங்கும் பூனை. ஆனாலும் அந்தக் கடையில்தான் நிற்க இடமில்லாத கூட்டம்! அந்த ஆளின் முறுக்கு மீசையும் பல்லைக் காட்டும் சிரிப்பும் நினைவுக்கு வந்தாலே நாகப்பனுக்குச் சோறு இறங்குவதில்லை. கட்டடச் சொந்தக்காரரான சீனத் தவுக்கே வேறு, "இந்த மாசமும் வியாபாரம் இல்லாட்டி, கடைய எதிர்க்கடைக்காரருக்கே குடுத்திடுவேன்" என்று சொல்லிவிட்டார். அதுதான் நாகப்பனின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

பொறுக்க முடியவில்லை. தீப்பெட்டி வாங்குகிற சாக்கில் எதிர்க்கடைக்கே போய்விட்டான்.

"அட, நாகப்பனா! வாங்க லா!" என்று ரெங்கசாமி அதே சிரிப்பைச் சிரித்தார். பிறகு வேலாயியிடம் திரும்பி, "மேல் லயத்து வரிசையில, தண்ணித்தொட்டிக்குப் பக்கத்து வீடுதானே தங்கச்சி? எழுதிக்கிட்டேன். மாடு கன்னு போட்டிருச்சா?" என்றார். வேலாயி முகமெல்லாம் மலர்ந்து மாட்டுக்கதையைச் சொல்ல ஆரம்பித்தாள்.

'தங்கச்சியாம், கன்னுக்குட்டியாம்! பேசியே மயக்குறான்' என்று நாகப்பன் புகைந்துகொண்டு திரும்பினான். தீப்பெட்டியை அங்கேயே மறந்துவிட்டான்.

மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த இராசம்மாவிடம் வெடித்தான். "அவன் ஏதோ செய்வினை வச்சிருக்கான். மந்திரிச்ச எலுமிச்சம்பழம் நம்ம வாசல்ல எங்கயாவது புதைஞ்சு கெடக்கும், பாரு!"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் இராசம்மா, தூக்குச்சட்டியைத் திறந்தபடி.

அவனுக்குச் சுருக்கென்றது. "அப்ப என் கடையில என்ன கோணல்? நீயே கண்டுபிடி, பாப்போம். வாடிக்கைக்காரி மாதிரி வாசல்லேருந்து வா!"

கடையில் வேறு யாரும் இல்லை. இராசம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடையை எடுத்தாள். அலமாரிகளைப் பார்த்ததும் அவள் கண்ணே விரிந்தது. "நல்லாத்தாங்க இருக்கு. கை நீட்டுனா சாமான்" என்று பருப்பும் சீனியும் எடுத்துக்கொண்டாள்.

நாகப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. "அதான் லா நானும் சொல்றேன்! இப்படி ஒரு கடைய விட்டுட்டு அந்தக் கருவாட்டுக் கடைக்கு ஓடுறாளுகன்னா, என்ன அர்த்தம்? வா, கல்லாவுக்கு வா."

வந்தாள். கூடையைக் கண்ணாடி மேல் வைத்தாள். நாகப்பன் கார்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, வாடிக்கைக்காரர்களிடம் பேசும் குரலிலேயே கேட்டான்.

"பேரு?"

"இராசம்மா."

"ஒன் பேரு எதுக்கு? குடும்பத் தலைவர் பேரு வேணும்."

இராசம்மா சட்டென்று குனிந்துகொண்டாள். காது மடல் சிவந்துவிட்டது.

"சொல்லு லா! என் பேரு ஒனக்குத் தெரியாதா? இவ்வளவு சுலபமான ஒரு கேள்விக்கு எல்லாரும் இப்படி முழிச்சா நான் எப்படி யாவாரம் பண்றது?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கூடையை அப்படியே விட்டுவிட்டு வாசலை நோக்கி நடந்தாள்.

"ஏய், எங்க போற?"

"எதிர்க்கடைக்குங்க. அங்க யாரும் புருசன் பேரச் சொல்லச் சொல்றதில்ல."