நாலு

அரிவாளை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தான்.

"அடைக்கலம் குடுத்த போனு எது? எடுங்க."

அரிவாளில் ரத்தம் இன்னும் காயவில்லை. கறிக்கடைக்காரனாக இருப்பான் என்று ஒரு நொடி நினைத்துக்கொண்டேன். பயந்தவன் மனது எதையாவது பிடித்துக்கொண்டு தொங்கத்தான் பார்க்கும்.

கீரமங்கலத்தில் பூ மார்க்கெட்டுக்கு எதிரே என் கடை, கண்ணுசாமி மொபைல்ஸ். ரீசார்ஜும் சர்வீஸும் வயிற்றுக்கு. சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரியில் இருக்கிற பழைய போன்கள் எனக்கு. செங்கல் கனத்தில் ஒன்று, ஏரியல் ஒடிந்த ஒன்று, சிங்கப்பூரிலிருந்து வந்த மடக்குப் போன் ஒன்று என்று தேடித் தேடிச் சேர்த்தவை. வாடிக்கையாளர் போனைத்தான் ரிப்பேர் பார்ப்பேன். இவற்றைத் தொடமாட்டேன். கீறலும் கறையும் சேர்ந்ததுதான் போன்.

"எந்த அடைக்கலம்?" என்றேன், தெரியாதவன்போல.

பின்னங்கழுத்தைப் பிடித்து என்னை அலமாரியில் மோதினான்.

கண்ணாடி நொறுங்கியது. நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. செங்கல் போன் தரையில் விழுந்து பிளந்த சத்தம்தான் எனக்கு முதலில் கேட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நெற்றியைவிட அதுதான் வலித்தது.

"எங்கண்ணன் அடைக்கலம். நான் இன்னாசி."

இந்தப் பக்கத்தில் அவனைத் தெரியாதவர்கள் கிடையாது. வரப்புத் தகராறில் தகப்பன் மண்டையை உடைத்த நாகராசுவைப் பிடித்து, மோட்டார் கொட்டகைத் தூணில் கட்டிவைத்து வெட்டியவன். ஆயுள் தண்டனை முடிந்து வெளியே வந்துவிட்டதாகப் பேச்சு.

அந்தப் போன் மூன்றாவது தட்டில் இருந்தது. சாம்பல் நிறம், தலையில் டார்ச். அடைக்கலம் போன வருடம் தானாகவே கொண்டுவந்து கொடுத்தார். "இத மட்டும் ரிப்பேர் பாத்துறாதீங்க" என்றார். என் கொள்கை புரிந்த ஒரு மனிதராவது ஊரில் இருக்கிறாரே என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன்.

பேட்டரியைப் போட்டு நீட்டினேன். இன்னாசி வாங்கவில்லை.

"அனுப்புன மெசேஜ எடுங்க. கடைசில இருக்கும்."

எடுத்தேன். பேச பேலன்ஸ் இல்லாமல், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்பிய காலத்து மெசேஜ். அதற்குப் பிறகு அந்தப் போனிலிருந்து யாருக்கும் எதுவும் போகவில்லை.

ennase avana vettuda. nan varen

"இன்னாசி, அவன வெட்டுடா. நான் வாரேன்," என்று அவன் பார்க்காமலேயே சொன்னான். அத்தனை வருடமும் அதை மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான்.

"புடிச்சுக் கட்டி வச்சிருக்கேன், என்ன செய்யன்னு கேட்டேன். இது பதிலு. என் போனக் கண்மாயில எறிஞ்சிட்டு, கோர்ட்டுல அண்ணன் பேர எடுக்காம உள்ள போனேன். ஒரு நா வந்து என் மூஞ்சியப் பாக்கல. அஞ்சாவதோட நின்ன ஆளு, எம் பேரக்கூட ஒழுங்கா எழுத வராது. வெட்டுடாங்கிறத மட்டும் தப்பில்லாம எழுதியிருக்கு பாருங்க."

அரிவாளைக் கையில் எடுத்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஸ்டேஷனுக்குத்தான் போறேன். இந்தத் தடவ வெறுங்கையோட போக மாட்டேன். குடுங்க."

போனைக் கொடுத்தேன். எந்தப் போனைக் கைமாற்றினாலும் அதன் குறையைச் சொல்லிவிடுவது என் பழக்கம். உயிர் போகிற பயத்திலும் வாய் அதன் வேலையைப் பார்த்தது.

"அதுல நாலு அமுங்காதுங்க."

அவன் திரும்பினான்.

"நாலாம் நம்பர் பட்டன். வாங்குன புதுசுலயே கெணத்து மேட்டுல விழுந்து போயிருச்சாம். அதுல இருக்க இங்கிலீஷ் எழுத்து ஜி, எச், ஐ எதுவும் வராது. ஐ வர்ற எடத்துல எல்லாம் ஒங்கண்ணன் ஈ போட்டுத்தான் ஓட்டியிருக்காரு. வேணும்னா மத்த மெசேஜயும் பாருங்க."

அவன் பார்க்கவில்லை. ரத்தக் கட்டைவிரலால் நாலை அழுத்தினான். திரும்ப அழுத்தினான். தன் பெயரின் முதல் எழுத்து வரவில்லை. நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினான். பிறகு மூன்றை அழுத்தி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்து முடித்தான்.

ennase

உதடு மட்டும் அசைந்தது. ஈ இருந்த இடத்தில் ஐயை வைத்துப் பார்க்கிறான் என்று எனக்குப் புரிய நேரமாயிற்று.

"விட்டுடா," என்றான்.

அரிவாள் கையிலிருந்து நழுவிக் கண்ணாடித் துண்டுகள்மேல் விழுந்தது. இப்போது நான் ஓடியிருக்கலாம். ஓடவில்லை.

உடைந்த கண்ணாடியிலேயே உட்கார்ந்தான். தொடையில் குத்தியிருக்க வேண்டும், அவனுக்குத் தெரியவில்லை.

"கொஞ்ச முந்தி அண்ணன் கையெடுத்துக் கும்புட்டுச்சு," என்றான். "கண்ணுசாமி கடையில அந்தப் போனு இருக்குடா, நாலுன்னுச்சு. நாலு பேர வச்சுப் பேசுவோம்னு சொல்லப் போகுதுன்னு நெனச்சேன்."

போனை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.

"அதுக்கு மேல நான் பேச விடல."